நாலு கலண்டரும் ஒரு நிலாவும்

நேற்றிரவு பத்தரை மணி இருக்கும். வெள்ளவத்தையில் மழை விட்டு விட்டுப் பெய்ததால் பால்கனியில் காயப்போட்ட உடுப்பை இரண்டாவது தடவையாக உள்ளே எடுத்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு வாட்ஸ்அப் செய்தி. முன்பு கொட்டாஞ்சேனையில் என்னிடம் படித்த ஒரு பிள்ளை. இப்போது கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானப் பாடநெறி செய்கிறாள்.

"டீச்சர், 2019 மார்ச் மாசப் பூரணை சரியா எத்தனை மணிக்கு வந்தது எண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அவ்வளவுதான். சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை.

பதில் எழுதப் போய் மூன்று தடவை அழித்தேன். இன்று போயா, பாடசாலை இல்லை. அதனால் முழுக் கதையையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

2018 ஆம் ஆண்டு. எனக்குத் தரம் 8 தந்திருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லோரும் கலந்த வகுப்பு. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் பிள்ளைகள், முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். விஞ்ஞானம் என்றால் அவர்களுக்கு வரைவிலக்கணம் பாடமாக்குவது. கேள்வி கேட்டால் புத்தகத்தைப் புரட்டுவார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். யன்னலுக்கு வெளியே பார்க்க மாட்டார்கள்.

அவர்கள் தாமாகக் கேட்ட முதல் கேள்வி லீவு பற்றியது.

"டீச்சர், இந்த பெப்ரவரில போயாவே இல்ல. எங்கட லீவ வெட்டிட்டாங்க."

வகுப்பே கொதித்துவிட்டது. அரசாங்கம் வெட்டியது என்று ஒருவன். இல்லை, அச்சடித்தவன் பிழை விட்டுவிட்டான் என்று இன்னொருவன். எனக்கும் உடனே பதில் தெரியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். கலண்டரைப் பார்த்தால் ஜனவரி 1 போயா, ஜனவரி 31 திரும்பப் போயா, அடுத்தது மார்ச் 1. நடுவில் பெப்ரவரி வெறுமையாகக் கிடக்கிறது.

ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். பெப்ரவரிக்கு 28 நாள்தான். இரண்டு பூரணைகளுக்கு நடுவே அந்த மாதம் நழுவி விழ இடமிருக்கிறது. இதை அப்போதே கரும்பலகையில் எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்திருக்கும். பிள்ளைகளும் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்கள். நான் எழுதவில்லை. "நாளைக்கு வீட்டுக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வாங்க" என்றேன்.

மறுநாள் மேசை நிறையக் கலண்டர். செட்டியார் தெரு நகைக்கடை கொடுத்த, லக்ஷ்மி படம் போட்ட கலண்டர். அதில் அமாவாசை, பௌர்ணமி, ஏகாதசி. பங்குத் தேவாலயத்தின் கலண்டர், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர். தொழுகை நேரமும் ஹிஜ்ரி திகதியும் போட்ட பச்சைக் கலண்டர். வங்கி கொடுத்த கலண்டர், அதில் போயா மட்டும் சிவப்பில். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, ஒரு வருடத்தின் எல்லாப் போயாவையும் எடுத்து, அந்தந்த நாளில் மற்றக் கலண்டர்கள் என்ன சொல்கின்றன என்று எழுதச் சொன்னேன்.

அரை மணித்தியாலத்தில் வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிட்டது. போயா வரும் இடத்தில் பௌர்ணமி வருகிறது, சரி. ஹிஜ்ரித் திகதியைப் பார்த்தால் எப்போதும் பதினாலு, பதினைந்தை ஒட்டியே நிற்கிறது. ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், எங்கட உம்மம்மா மாசம் மூணு நோன்பு பிடிப்பா, பதின்மூணு, பதினாலு, பதினஞ்சு. வெள்ளை நாள் நோன்பு எண்டு சொல்லுவா. அது போயாவோடதான் வருது" என்றாள். அந்த நாட்களின் இரவு வெள்ளையாக இருப்பதால்தான் அந்தப் பெயர் என்பதை அவள் அன்றுதான் யோசித்தாளாம். நானும் கிட்டத்தட்ட அன்றுதான்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். தங்களுக்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தார்கள். இந்த மாணவிதான் கண்டுபிடித்தாள். மார்ச் 30 பெரிய வெள்ளி, 31 போயா, ஏப்ரல் 1 ஈஸ்டர். மூன்றும் வரிசையாக. நான் விதியைச் சொன்னேன். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பூரணை, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அவளுடைய முகம் மாறியதை இப்போதும் சொல்லலாம். ஏதோ அவளுக்கும் நிலாவில் ஒரு பங்கு கிடைத்த மாதிரி.

கணக்கும் தானாக வந்தது. இருபத்தொன்பதரையைப் பன்னிரண்டால் பெருக்கினால் 354. வருடத்துக்கு 365. பதினொரு நாள் இடிக்கிறது. இந்தப் பதினொரு நாளை என்ன செய்வது? எங்கள் ஹிஜ்ரிக் கலண்டர் ஒன்றும் செய்வதில்லை, அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் நோன்பு வருடா வருடம் முன்னுக்கு நகர்ந்து, சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். பௌத்தக் கலண்டர் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மாதத்தைக் கூட்டிச் சேர்த்துக்கொள்கிறது. அந்த வருடமே ஒரு "அதி பொசன்" போயா வந்தது. இந்துக்களின் பஞ்சாங்கத்தில் அதற்கு அதிக மாசம் என்று பெயர். ஈஸ்டர் தன்னை மார்ச் 21 இல் கட்டிப் போட்டிருக்கிறது. தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் நிலாவைத் திரும்பியும் பார்ப்பதில்லை, அவை சூரியக் கணக்கு. அதனால்தான் அவை பெரிதாக நகருவதில்லை. நாலு சமயமும் ஒரே வகுத்தல் கணக்கின் மீதியைத்தான் நாலு விதமாகக் கையாளுகின்றன.

இனி ஒரு வெட்கக்கேடான விஷயம். பிறை ஏன் பிறையாகத் தெரிகிறது? பூமியின் நிழல் விழுவதால் என்றுதான் இருபத்திரண்டு வயது வரை நானும் நினைத்திருந்தேன். உயர்தரம் சித்தியடைந்து, கல்வியியற் கல்லூரிக்கும் வந்த பிறகு. அங்கே ஒரு விரிவுரையாளர் எங்கள் வகுப்பில் இதைக் கேட்டார். ஏறக்குறைய எல்லோரும் நிழல் என்றோம். அவர் சிரிக்கவில்லை. "பின்னேரம் பாதி நிலா தெரியும்போது சூரியனும் வானத்தில நிக்கும், கண்டிருக்கிறீங்களா? அப்ப பூமி நடுவில எப்படி வரும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வகுப்பை முடித்துவிட்டார். அன்றிரவு விடுதியில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இருபது வருடமாக மாதா மாதம் பிறை பார்க்கிற சமூகத்தில் பிறந்தவள் நான். ரமழான் பிறைக்கு மொட்டை மாடியில் ஏறி நின்றவள். பார்த்தேன், யோசிக்கவில்லை.

அதனால் என் பிள்ளைகளுக்கு அதைக் கையால் செய்ய வைத்தேன். தோடம்பழத்தை ஈர்க்கில் குத்தி ஆளுக்கொன்று. நடுவில் ஒரு மின்குமிழ், அது சூரியன். உங்கள் தலைதான் பூமி. கையை நீட்டிப் பழத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இடப்பக்கமாகச் சுற்றுங்கள். சூரியன் பக்கம் நீட்டும்போது பழம் கறுப்பு. கொஞ்சம் திரும்ப ஓரத்தில் மெல்லிய பிறை. இன்னும் திரும்ப அரை. முதுகை வெளிச்சத்துக்குக் காட்டினால் முழு நிலா. அப்போது தலை மறைத்துப் பழம் இருண்டால் அது கிரகணம். அந்த ஜனவரி 31 போயாவன்று பூரண சந்திர கிரகணம். கிழக்கே உதிக்கும்போதே நிலா மங்கிச் சிவந்துதான் உதித்தது, சில பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். "அப்ப ஏன் டீச்சர் ஒவ்வொரு போயாவுக்கும் கிரகணம் வராது?" என்று கேட்டார்கள். பழத்தைத் தலைக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பிடி, வெளிச்சம் படுகிறதல்லவா, நிலாவின் பாதை ஐந்து பாகை சரிந்திருக்கிறது என்றேன். பாடம் முடிய முன்பே நிலாக்களில் பாதியைத் தின்றுவிட்டார்கள்.

இதற்கு வகுப்பை இருட்டாக்க வேண்டும். எங்கள் வகுப்பு யன்னலுக்குத் திரை இல்லை. உம்மா என்னுடைய பழைய கறுப்பு அபாயாக்கள் நாலை வெட்டி, மெஷினில் தைத்து, மேலே நாடா வைத்து இரண்டு பெரிய திரையாக்கித் தந்தார். மூன்றாவது யன்னலுக்குக் காணாது, அதற்குக் கார்ட்போர்ட். இந்தத் திரையை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும்.

முகத்துவாரத்துப் பையன் ஒருவனின் தகப்பன் கையெழுத்துப் போட ஒரு நாள் பாடசாலைக்கு வந்தார். கலண்டர் எல்லாம் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து, "என்ன டீச்சர், நிலாப் பாடமா? நாங்க பூரணை அண்டி வள்ளம் எடுக்கிறது குறைவு" என்றார். ஏன் என்று கேட்டேன். வெளிச்சம் போட்டு மீனைக் கூட்டித்தான் பிடிக்கிறார்கள். கடல் முழுக்க நிலா வெளிச்சம் கிடந்தால் இவர்களின் லாம்பை மீன் மதிக்குமா? பிறகு அவரே சொன்னார், ஒவ்வொரு நாளும் நிலா முக்கால் மணித்தியாலம் பிந்தி எழும்பும், அதைப் பார்த்துத்தான் எத்தனை மணிக்கு இறங்குவது என்று தீர்மானிப்போம் என்று. புத்தகத்தில் 50 நிமிடம் என்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட மனிதர். அவரை வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வைத்தேன். கூச்சப்பட்டு நின்றுகொண்டே பேசினார். அந்தப் பையன் அன்று உட்கார்ந்திருந்த விதம், அவன் கதிரையில் இருக்கவில்லை, சிம்மாசனத்தில் இருந்தான்.

வீட்டில் வாப்பாவிடம் சொன்னபோது அவர் வேறொரு கதை எடுத்தார். 1966 தொடக்கம் 1971 வரை இந்த நாட்டில் சனி, ஞாயிறு விடுமுறையே இல்லை. போயாவும் அதற்கு முந்திய நாளும்தான் வார விடுமுறை. பூரணை, அமாவாசை, நடுவில் இரண்டு அரை நிலா, ஆக மாதத்துக்கு நாலு போயா. இருபத்தொன்பதரையை நாலால் பிரித்தால் ஏழும் கொஞ்சமும். அதனால் சில வாரம் ஒரு நாள் நீண்டுவிடும். "சில கிழமை ஆறு நாள் ஸ்கூல், பாவம் நாங்க" என்கிறார் வாப்பா, இன்றைக்கும் கோபத்தோடு. வகுப்பில் இதைச் சொன்னபோது, ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்விட்டு அப்படியே வேலைக்கு ஓடிய பாட்டியின் கதையை மறுநாள் ஒரு பிள்ளை கொண்டு வந்தாள். ஒரு நாட்டின் நேரசூசியையே நிலா எழுதிய ஐந்து வருடம். சமூகக்கல்விப் புத்தகத்தில் நான் படித்த ஞாபகம் இல்லை.

பெருநாளுக்கு டோஹாவில் இருக்கும் என் நானா எங்களுக்கு ஒரு நாள் முந்திக் கொண்டாடுவது ஏன் என்றும் ஒருவன் கேட்டான். அங்கே சூரியன் மறையும்போது இங்கே இரவு எட்டரை தாண்டிவிடும். அந்த இரண்டு சொச்ச மணித்தியாலத்துக்குள் நிலா சூரியனை விட்டு ஒரு பாகைக்கு மேல் விலகிவிடும். மயிரிழைப் பிறைக்கு அந்த ஒரு பாகை பெரிய விஷயம். பிறைக் கமிட்டிச் சண்டைக்குள் நான் போகவில்லை, அது பெரியவர்களின் வேலை. கோணத்தை மட்டும் வரைந்து காட்டினேன்.

இந்த விளையாட்டுக்கெல்லாம் விலை இருந்தது. இரண்டு கிழமை ஒரே அலகில் நின்றதற்காகக் கேள்வி கேட்கப்பட்டேன். "சிலபஸ் எப்ப முடிப்பீங்க?" நியாயமான கேள்விதான். தவணைப் பரீட்சையில் என் வகுப்பு முதலிடம் வரவில்லை, நடுவில் எங்கேயோ நின்றது. நிலாப் பாடம் படிப்பித்துப் புள்ளி ஏறியது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஏறியது கேள்வி. வெங்காயம் வெட்டினால் கண் ஏன் எரிகிறது, கோயில் மணி தேவாலய மணியை விட ஏன் நீளமாகக் கேட்கிறது என்று ஒவ்வொரு நாளும் வாசலிலேயே மறிப்பார்கள். பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. வீட்டுக்குப் போகும் ரயிலில், கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை கடலைப் பார்த்துக்கொண்டு தேடிப் படித்த வருடம் அது.

பிறகு 2019.

ஏப்ரல் 21 காலையில் என்ன நடந்தது என்று இங்கே எழுதத் தேவையில்லை. 250 க்கும் மேற்பட்ட உயிர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் எங்கள் பாடசாலையிலிருந்து நடக்கிற தூரம். அங்கே செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்துப் பெண்களும் வரிசையில் நின்று மெழுகுதிரி ஏற்றுவார்கள்.

மே மாதம் பாடசாலை திறந்தபோது வாசலில் பைச் சோதனை. சில பிள்ளைகள் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையோடு வந்தார்கள். வகுப்பில் கால்வாசி. அந்த வாரமே நோன்பும் தொடங்கியது. முகத்தை மூடுவதற்குத்தான் தடை வந்தது, நான் முகம் மூடுகிறவள் அல்ல. ஆனால் பஸ்ஸில் அந்த வித்தியாசத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்குப் பக்கத்து இருக்கை புறக்கோட்டை வரை காலியாகவே வந்தது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

பாடசாலை திறக்க முன் எல்லா வகுப்பறையும் அலுமாரியும் சோதனை செய்தார்கள். என் அலுமாரிக்குள் மடித்து வைத்த கறுப்புத் திரை. ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, விரித்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு சக ஆசிரியை காதோடு சொன்னார், "அதை வீட்ட கொண்டு போயிடுங்க டீச்சர். பாக்கிறவங்க வேற மாதிரி நினைப்பாங்க." அன்பாகத்தான் சொன்னார். ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, அதற்கு மேல் வினாத்தாள் கட்டை வைத்து மறைத்துக்கொண்டு போனேன். மின்குமிழும் தோடம்பழமும் வைத்து நிலா காட்டிய துணியை, களவெடுத்தவள் மாதிரி.

அந்த வாரங்களில் நான் நல்ல ஆசிரியையாக இருக்கவில்லை. புத்தகத்தை வாசித்தேன், எழுதச் சொன்னேன், மணி அடித்ததும் வெளியே வந்தேன். கேள்வி வந்துவிடுமோ என்று பயம்.

வந்தது. அந்த மாணவிதான். தரம் 9 இப்போது. கையைத் தூக்கினாள்.

"டீச்சர், போன வருஷம் சொன்னீங்க, ஈஸ்டர் நிலாவைப் பாத்துத்தான் வருது எண்டு. நான் இந்த வருஷத்துக்குப் போட்டுப் பாத்தன்."

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணக்கு இருந்தது. மார்ச் 20 போயா. விதி 21 இல் தொடங்குகிறது. ஒரு நாள் முந்திவிட்டது, அந்தப் பூரணை கணக்கில் எடுபடாது. அடுத்த பூரணை ஏப்ரல் 19, அதே நாள் பெரிய வெள்ளி. அதற்குப் பிறகு வரும் ஞாயிறு 21.

"ஒரு நாள் பிந்தியிருந்தா ஈஸ்டர் மார்ச் 24, டீச்சர். மார்ச்சில பெரியம்மா மன்னாரில இருந்தா. லீவுக்குத்தான் இங்க வந்தவ."

பெரியம்மா உயிரோடு இருந்தார். காலில் துண்டுகள் இருந்தன.

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வகுப்பில் அபாயா போட்டு நின்ற ஒரே ஆள் நான். முகத்துவாரத்துப் பையன்தான் பேசினான். "அவங்க ஈஸ்டரைப் பாத்துத்தானே வந்தாங்க. எண்டைக்கு ஈஸ்டரோ அண்டைக்கு வந்திருப்பாங்க. நிலா என்ன செய்யும்?"

அவள் தலையாட்டினாள். ஏற்றுக்கொண்டாளா தெரியாது. நான் "உன்ட கணக்கு சரி" என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் வரவில்லை. அருகில் போய்த் தோளில் கை வைக்க வேண்டும் போல இருந்தது, வைத்தால் அவள் விலகிவிடுவாளோ என்ற பயத்தில் வைக்கவில்லை.

அன்றிரவு தராவீஹ் முடிந்து போனைத் திறந்தேன். பூரணை என்பது ஒரு நாள் அல்ல, ஒரு கணம். நிலாவும் சூரியனும் பூமிக்கு நேர் எதிரெதிரே வரும் அந்தக் கணத்துக்கு மணி, நிமிடம் உண்டு. தேடினேன். 2019 மார்ச் பூரணை இலங்கை நேரப்படி 21 ஆம் திகதி காலை 7.13. இரவும் பகலும் சமமாகும் கணமும் அதே நாள் விடியற்காலை 3.28. அதாவது வானத்தின்படி பார்த்தால் பூரணை விதிக்குள்ளேதான் வந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு மார்ச் 24.

தேவாலயம் வானத்தைப் பார்த்து ஈஸ்டர் போடுவதில்லை. பழைய காலத்திலிருந்து ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. 19 வருடச் சக்கரத்தில் ஓடும் கணக்கு. உலகம் முழுக்க ஒரே நாளில் கொண்டாட அதுதான் வசதி. பெரும்பாலான வருடங்களில் அட்டவணையும் வானமும் ஒத்துப்போகும். எப்போதாவது ஒரு வருடம் ஒரு நாள் விலகும். அந்த எப்போதாவது 2019. அட்டவணைப்படி பூரணை 20, எங்கள் கலண்டரிலும் போயா 20. உண்மையான நிலா சில மணித்தியாலங்கள் பிந்தி நிறைந்தது.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். சொல்லவில்லை.

கேள்வி கேளுங்கள், பதில் எதுவானாலும் தேடிப் பார்ப்போம் என்று ஒரு வருடம் முழுக்கச் சொன்னவள் நான். பதில் கையில் இருந்தது. பதினாலு வயதுப் பிள்ளையிடம் போய், நீ நினைத்த அந்த ஒரு நாள் கூட இல்லை, வெறும் ஏழு மணித்தியாலம், அதுவும் வானம் உன் பக்கம்தான் இருந்தது, அட்டவணைதான் இல்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் நான்? அதைச் சொல்கிற வாய் என்னுடையதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். இது அவளைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றவா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அத்தோடு பாடத்தை விடவும் மனம் வரவில்லை. ஆசிரியர் அறையில் வரலாறு படிப்பிக்கும் சேரிடம் நடந்ததைச் சொன்னேன். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இது முதல் தடவை இல்ல டீச்சர். இங்க ஏற்கெனவே ஒரு ஈஸ்டர் ரத்தமாகியிருக்கு" என்றார்.

1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனை தீபதுத்தமாராமய விகாரையை நோக்கிப் பௌத்தர்களின் ஊர்வலம் வந்தது. அது மொஹொட்டிவத்தே குணானந்த தேரரின் விகாரை. புனித லூசியாள் பேராலயத்துக்குக் கிட்டே கத்தோலிக்கர்கள் தாக்கினார்கள், கலவரமானது. நீதி கிடைக்கவில்லை என்று பௌத்தர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடம் கேணல் ஒல்கொட் அவர்களுக்காக லண்டன் வரை போனார். அதன் பின் 1885 இல் வெசாக் பொது விடுமுறை ஆனது. அந்த வெசாக் அன்று பௌத்த கொடி முதன்முதலில் ஏற்றப்பட்டதும் இதே தீபதுத்தமாராமயவில். பிள்ளைகள் சிவப்பு மையில் தேடி எண்ணுகிற போயா லீவின் வேரைத் தோண்டினால், கடைசியில் அவர்கள் தினமும் நடந்து வரும் தெருவில், ஒரு ஈஸ்டர் நாளில் வந்து நிற்கிறது.

சேர் என் பாடவேளையில் வந்து இதைச் சொன்னார். கத்தோலிக்கர் ஒருவர், தாக்கியது எங்கள் ஆட்கள் என்று குரல் தாழ்த்தாமல் சொன்னார். பிள்ளைகள் அவரையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். "அதுக்குப் பிறகு என்ன சேர் நடந்தது? எப்பிடி திரும்பப் பேசினாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "அது புத்தகத்தில இல்ல. ஆனா இப்ப வெசாக்குக்கு என்ட வீட்டு வாசல்லயும் கூடு தொங்குது" என்றார். இந்த நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று அவருக்கும் எனக்கும் சேர்த்து ஒரு பேச்சு விழுந்தது. விழட்டும்.

அடுத்த கிழமை அந்த மாணவி இடைவேளையில் என்னிடம் வந்து, நோன்பு திறக்க என்று ஒரு டிபன் பெட்டியில் பேரீச்சம்பழம் தந்தாள். பெரியம்மா தந்துவிட்டாராம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

இதுதான் நேற்றைய கேள்வியின் பின்னணி.

இன்று சுபஹுக்குப் பிறகு பதில் அனுப்பினேன். "தெரியும். நீ கேட்ட அண்டைக்கு இரவே பாத்தன். 21 காலை 7.13. உனக்குச் சொல்லல்ல. மன்னிச்சுக்கொள்."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருக்கலாம் டீச்சர். ஆறு வருஷமா ஒரு நாள், ஒரு நாள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். போன கிழமை விரிவுரைக்குத் தேடேக்கதான் கண்டன். பெரியம்மாகிட்டயும் சொன்னன். அவ சிரிச்சா. மார்ச்சில வந்திருந்தா அப்பவும் பூசைக்குப் போயிருப்பன் எண்டா."

அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி.

"அடுத்த மாசம் எனக்குக் கற்பித்தல் பயிற்சி. தரம் 8, நிலாப் பாடம் எடுக்கப் போறன். வகுப்பை எப்பிடி டீச்சர் இருட்டாக்கினீங்க? அங்க திரையே இல்ல."

அலுமாரியின் மேல்தட்டில் இருந்து பையை இறக்கி, துணியை உதறிப் பார்த்தேன். ஒரு பக்கம் பூச்சி அரித்திருக்கிறது, மற்றப்படி பரவாயில்லை. கழுவிப் போட்டிருக்கிறேன். மழை விட்டால் நாளைக்குக் காய்ந்துவிடும். இரண்டு யன்னலுக்குத்தான் காணும், மூன்றாவதற்குக் கார்ட்போர்ட் தேடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.